நூறு பஸ்கி, கீழே என் கையெழுத்து

இனிமேல் யாருக்கும் உடற்பயிற்சி பற்றி ஆலோசனை சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இது முழுக்க முழுக்க என் சொந்த முடிவு. மனைவி அனுமதி கொடுத்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணமானவர்கள் கவனமாகக் கேளுங்கள். ஆகாதவர்கள் இன்னும் கவனமாகக் கேளுங்கள்.

எனக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. புகார்ப் பிரிவு. குழாயில் தண்ணீர் வராதவர்கள் காலை ஒன்பதரையிலிருந்து என்மேல் கோபத்தைத் திறந்துவிடுவார்கள். ஐந்து மணிக்கு அது நிற்கும். ஐந்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே இன்னொரு புகார்ப் பிரிவு. அதற்கு விடுமுறையும் கிடையாது. இரண்டையும் தாண்டி எனக்கென்று ஒரு மணி நேரம் இருந்தது. மாலை ஆறிலிருந்து ஏழு. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ஜிம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு அட்டைதான் தருவார்கள். எங்கள் வீட்டு அட்டை நாலு வருஷமாக என் பெயரில் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அங்கே நான் எதையும் தூக்கியதில்லை. மூலையில் ஒரு பெஞ்சு. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அதில் உட்காருவேன். புதிதாக வருகிறவர்கள் எந்தக் கருவியைத் தொடுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். கூப்பிட்டு ஆலோசனை சொல்வேன். "தம்பி, முதல் நாளே வெயிட்டைத் தொடாதே. மூச்சு முக்கியம். முதுகை நேரா வை." முதுகை நேராக வைப்பது எந்தப் பயிற்சிக்கும் பொருந்தும். நாலு வருஷம் அதை வைத்தே ஓட்டினேன். உடம்பை வளைக்கப் போன இடத்தில் நாக்கை மட்டும் வளைத்தேன். போகும்போது "ரொம்ப நன்றிண்ணா" என்பார்கள். பதினாறு வருஷ இல்லறத்தில் என் காதில் விழாத வார்த்தை அது. அதைக் கேட்கத்தான் தினமும் போனேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஆபத்து வந்தது.

"ஏங்க, டாக்டர் என்னை உடற்பயிற்சி பண்ணச் சொல்லியிருக்கார்."

"நல்லதுதானே. மாடிப்படி ஏறி இறங்கு."

"அது பதினாறு வருஷமா ஏறி இறங்கிட்டுதான் இருக்கேன். ஜிம்முக்குப் போகச் சொன்னார்."

"போயேன்."

"வீட்டுக்கு ஒரு அட்டைதானாமே."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"நீங்கதான் நாலு வருஷம் போயிட்டீங்க. உடம்பும் நல்லாத் தேறியிருக்கு." என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இனிமே நான் போறேனே."

முடியாது என்று சொல்லலாம். அப்படிச் சொல்லிப் பிழைத்த கணவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்குக் கடிதம் எழுதவும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அதனால் தந்திரம் செய்தேன்.

"ஒரு வாரம் போய்ப் பாரு. உன்னால முடியலைன்னா அட்டை எனக்கு."

"முடிஞ்சா?"

"உனக்கே."

"சரி. அப்ப புதுசா ஆரம்பிக்கிறவங்க என்ன பண்ணணும்னு எழுதிக் குடுங்க. வாயால சொன்னா மறந்துடும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

என் மனைவி என்னிடம் ஆலோசனை கேட்கிறாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பேனாவைத் தேடி எடுத்தேன்.

நல்ல ஆலோசனை என்னவென்று எனக்குத் தெரியும். முதல் வாரம் பத்து நிமிஷம் நடக்க வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர வேண்டும், உடம்பு வேண்டாமென்றால் நிறுத்த வேண்டும். அதையெல்லாம் அப்படியே தலைகீழாகத் திருப்பி எழுதினேன். முதல் நாளே நூறு பஸ்கி, அதாவது நூறு தடவை உட்கார்ந்து எழுவது. அறுபது தண்டால். பத்து கிலோ டம்பெல், கைக்கு நாற்பது முறை. நடுவில் ஓய்வு கூடாது. வலி வந்தால் வேகத்தைக் கூட்டவும். இரண்டாம் நாளே படுத்துவிடுவாள், மூன்றாம் நாள் அட்டை என் சட்டைப்பைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கெட்ட எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

"அடியில கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு?"

"டாக்டர்கூட மருந்துச்சீட்டுல போடறாரே."

டாக்டரோடு என்னைச் சேர்த்துச் சொன்னதில் குளிர்ந்துபோய்விட்டேன். கையெழுத்தும் தேதியும் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவளோடு வேடிக்கை பார்க்கப் போனேன். பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அளந்து பேசுகிற ஆள். மனைவி நீட்டிய தாளை இரண்டு முறை படித்தார்.

"யார் சார் எழுதினது?"

"நான்தான் மாஸ்டர்."

"முதல் நாளே நூறு பஸ்கியா?"

"ஆரம்பம்தானே, அதான் கம்மியா எழுதினேன்."

"சரி சார். துண்டை வச்சுட்டு ஆரம்பிங்க."

"நானா? புதுசு அவதானே?"

மாஸ்டர் என் பெஞ்சுக்கு மேலே கையைக் காட்டினார். அங்கே ஒரு பலகை. 'புதியவர்களுக்குப் பயிற்சி ஆலோசனையை எழுதிக் கொடுப்பவர், முதல் மூன்று நாள் அதை அவர்கள் எதிரில் தாமே முழுமையாகச் செய்து காட்ட வேண்டும்.' அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டியே இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறேன். முதுகை நேராக வைத்துத்தான்.

"உக்காந்த இடத்துலேருந்து ஆலோசனை சொல்றவங்க ஜாஸ்தியாயிட்டாங்க சார். அதான் மாட்டினேன்."

"இவ்வளவு நாள் நானும்தான் சொல்லியிருக்கேன். ஒண்ணும் கேக்கலையே?"

"வாயால சொன்னா நான் கேக்கறதில்ல. எழுதினா விடறதில்ல. வேணும்னா ஒண்ணு பண்ணுங்க. இது தப்பு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கீழ எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டுடுங்க."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நாலு வருஷமாக எனக்கு நன்றி சொன்ன தம்பிகள் அத்தனை பேரும் டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். "அண்ணா பண்ணப்போறாராம்." இவர்கள் முன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதித்தருவதா? மானம் இடம் கொடுக்கவில்லை. ஆரம்பித்தேன்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினாள். பன்னிரண்டு வரை முகத்தில் சிரிப்பை வைத்திருந்தேன். பதினெட்டில் அது கழன்று விழுந்தது. இருபத்திமூன்றில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க யோசித்தேன்.

"வலி வந்தா வேகத்தைக் கூட்டணும்னு எழுதியிருக்கீங்க," என்று தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தாள்.

"முதுகை நேரா வைங்கண்ணா," என்றான் ஒரு தம்பி. அக்கறையாகத்தான் சொன்னான், அதுதான் தாங்கவில்லை.

மானம் இடம் கொடுக்காத இடத்தில் இடுப்பும் இடம் கொடுக்கவில்லை என்பது முப்பத்தொன்றில் தெரிந்தது. இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார்கள். நாலு வருஷத்தில் என் தயவில் அந்தப் பையன்கள் செய்த ஒரே உருப்படியான பயிற்சி அதுதான்.

ஆறு நாள் படுக்கை. அந்த ஆறு நாளில் மாஸ்டர் சொன்னபடி பத்துப் பத்து நிமிஷமாக நடந்து மனைவி தன் வாரத்தை முடித்தாள். அட்டை பெயர் மாறியது. படுத்தபடியே கேட்டேன்.

"அந்தப் பலகையை நீ எப்பப் பார்த்தே?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. வீட்டுச் சாவியைக் குடுக்க வந்தேன். கண்ணாடி வழியாப் பார்த்தா நீங்க உக்காந்திருந்தீங்க. தலைக்கு மேல பலகை."

"ரெண்டு வருஷமாத் தெரியுமா? ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. சரி, வீட்டுல ஒருத்தராவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்றால் இடுப்பு திரும்பவில்லை. கண் கலங்கியது. வலி என்று சொல்லிவைத்தேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜிம் போனால் என்ன? ஆறிலிருந்து ஏழு அவள் வெளியே, நான் வீட்டில் தனியே. அதே ஒரு மணி நேரம்தானே, இடம் மட்டும் வேறு. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

ஆறு ஐந்துக்கு மகள் பின்னக் கணக்கோடு வந்தாள். ஏழாம் வகுப்புக் கணக்கு எனக்கு வரவில்லை என்பதை அவள் நேராகவே சொன்னாள். ஆறேகாலுக்கு என் அம்மாவின் போன். தினமும் இதே நேரத்துக்கு வருமாம், முழங்கால் வலியில் ஆரம்பித்து முப்பது நிமிஷம் போகுமாம். பதினாறு வருஷமாக அதை மருமகள்தான் கேட்டிருக்கிறாள், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா வலது முழங்காலில் இருக்கும்போதே அடுப்பில் பால் பொங்கியது. கீழ்வீட்டுக்காரர் வந்து, எங்கள் குளியலறைத் தண்ணீர் தன் கூரையில் கசிகிறது என்று புகார் சொன்னார். மழை தூறியது. கொடியில் துணி. சாதம் அடிப்பிடித்தது. மகள் மறுபடியும் பின்னத்தோடு வந்தாள்.

ஏழேகாலுக்கு மனைவி முகம் மலர்ந்து உள்ளே வந்தாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் கரண்டி, தோளில் ஈரத் துணி.

"என்னால முடியலை. இந்த ஒரு மணி நேரம் என்னை அடிச்சுப் போட்டுடுச்சு. நாளையிலேருந்து இதை நீயே பாத்துக்கோ."

அவள் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவ்வளவு கனிவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் நாள் அப்படித்தாங்க இருக்கும். விட்டுடக்கூடாது. இந்த வாரம் சாயங்காலம் மட்டும் பண்ணுங்க. உடம்பு பழகினதும் அடுத்த வாரத்துலேருந்து காலையும் சேத்துக்கலாம்."