ஒரு கை நீளக் கூலி

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழைகளை அச்சடிப்பவர்கள்தான் பொறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றைப் பிழையில்லாமல் சொல்வேன். இந்த ராமநாதபுரம் சீமையிலேயே கூலியைக் கையை நீட்டி அளந்த ஒரே ஆள் எங்கள் நெய்மீன் அண்ணன்தான்.

நாங்கள் கருவேல மரம் வெட்டி, அடுக்கி மண் மூடி மூட்டம் போட்டு எரித்து, கரி அள்ளுகிறவர்கள். டீ வந்ததும் அண்ணன் தோளிலிருந்து விரல் நுனிவரை தொட்டுக் காட்டுவார். "எங்க அய்யா ஒரு நாக் கூலிக்கு இம்புட்டு நீளத்துல நெய்மீன் வாங்கியாருவாரு. இப்ப வாலுதான் வருது. கூலி ஏறிருச்சாம்ல."

அவருடைய தங்கை புருஷன் முனியசாமியும் எங்கள் கூட்டுதான். அவன் விடமாட்டான். "ஒங்கய்யா கால்ல செருப்பு கெடந்துச்சா மச்சான்? நீ பைக்குல வார."

பிறகு இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. சிரித்துவைப்பேன். அதை இருவருமே தங்கள் பக்கம் எழுதிக்கொள்வார்கள்.

ஒருமுறை முதலாளி கூலியைக் கூட்டினார். எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அண்ணன் மட்டும், இது வாலா, நடுத்துண்டா என்று கேட்டார். முதலாளி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை தவறாமல் கடலோரத்து மண்டபம் ஊர் மீன் கடைக்குப் போவார். நெய்மீன் பக்கத்தில் கையை நீட்டிப் பார்ப்பார், விலை கேட்பார், மலிவான சாளை வாங்கிக்கொண்டு திரும்புவார். மீன்கார அக்கா ஒருநாள் கேட்டே விட்டது: "மீன் வாங்க வாரீகளா, சட்டைக்கு அளவெடுக்க வாரீகளா?"

முனியசாமி மகளுக்குக் காதுகுத்து வந்தது. அண்ணன்தான் தாய்மாமன், அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். டீ நேரத்துச் சண்டை சூடேறி, முனியசாமி வார்த்தையை விட்டான். "கூலி கொறஞ்சுருச்சுன்னு பொலம்புறவன் என்ன சீரு கொண்டாருவ? சீரப் பாத்துட்டுத்தான் பிள்ளைய ஒன் மடியில வைக்கிறதா இல்லையான்னு சொல்வேன்." தங்கச்சி இதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணன் அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

காதுகுத்து அன்று விடியலில் என் பைக்கில் மண்டபம் போனோம். அண்ணன் கையை நீட்டினார். மீன் அவர் கையைவிடக் கொஞ்சம் நீளம். அதையே எடுத்தார். அதற்காக எத்தனை நாள் கரிப்புழுதி தின்றார் என்பது எனக்குத் தெரியும்.

அய்யனார் கோயிலில் மேளத்தோடு பழத்தட்டு, துணித்தட்டு, வளையல் தட்டு எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றுக்கு முன்னால் அண்ணன் தலையில் ஓலைப்பெட்டி. அதற்கு வெளியே வால் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டமே சிரித்தது. முனியசாமி சிரிக்கவில்லை.

"இது எத்தன நாக் கூலி மச்சான்?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டது. அண்ணன் அதைப் பார்த்தார்.

"ஒரு நாக் கூலிதான் மாப்ள."

"அப்பக் கூலி கூடிருச்சுங்கிற."

"கூடிருச்சு. வேணும்னா இவனக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எப்படித்தான் வாய் வந்ததோ, "ஆமா, கூடிருச்சு" என்றேன்.

முனியசாமி பிள்ளையைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தான். ஊசி பட்டதும் பிள்ளை அழுதது. அதைவிடச் சத்தமாக அண்ணன் அழுதார்.

மறுநாள் டீ வந்தது. அண்ணன் கையைத் தொட்டுக் காட்டவில்லை. கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். முனியசாமிதான் பேச்செடுத்தான். "யோசிச்சுப் பாத்தா, கூலி கொறஞ்சுதான் போச்சு மச்சான்."

அண்ணன் நிமிர்ந்து மெதுவாகக் கையை நீட்டினார். அந்தக் கை நீள மீனை நானும் ஒரு துண்டு தின்றிருக்கிறேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இதை எழுதி முடித்தது ஐப்பசி மாதம், அடைமழையில் மூட்டம் போட முடியாத ஒரு செவ்வாய்க்கிழமை.