உப்பு போடாத மொச்சை

மொச்சையில் உப்பு போடவில்லை என்பது காஜா மொய்தீனுக்கு மதியம் லுஹர் தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில்தான் நினைவுக்கு வந்தது. தொழுகையில் வேறு நினைப்பு வரக்கூடாது. வந்துவிட்டது. முடித்த கையோடு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினார்.

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பு மாஸ்டர் தர்மராஜ், தலையில் சுற்றிய துண்டோடு, சட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தார். மூடியின் விளிம்பில் அடைத்த மாவு பிஸ்கட் போலக் காய்ந்திருந்தது.

"மாஸ்டர், உப்பு..."

"சூடா கீது பாய். பாத்துத் தூக்கினு போங்க" என்றதோடு தர்மராஜ் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார். மனிதர் பேசுவதைவிட அடுப்பை ஊதுவதில் ஆர்வமுள்ளவர்.

காஜா மொய்தீன் கடப்பாக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் பாத்திரக் கடை வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேர் வீட்டில் அவர் விற்ற குண்டானில்தான் சோறு வேகிறது. அவர் மட்டும் ஒரு குண்டானையும் அடுப்பில் ஏற்றியதில்லை. அதற்கு ஜெய்புன்னிசா இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

மறைமலைநகரில் கட்டிக்கொடுத்த மகள் ஜன்னா போன வாரம் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "அத்தா, நீங்க பன்னும் டீயுமா காலத்தை ஓட்டுறீங்கன்னு ஆதியம்மாக்கா சொல்றாங்க. வூட்டைப் பூட்டிட்டு எங்க கூட வந்துடுங்க."

மறைமலைநகரில் ஜன்னாவின் வீடு மூன்றாவது மாடி. மருமகன் ஆகிப் கம்பெனி பஸ்ஸில் போனால், அப்புறம் நாள் முழுக்க சுவர்தான். கடல் காற்று கிடையாது. ஜெய்புன்னிசாவை அடக்கிய கபர் கிடையாது. பதறிப்போன காஜா மொய்தீன் வாயை விட்டுவிட்டார்.

"நான் சமைக்கிறேன்மா. வெள்ளிக்கெழமை வந்து பாரு. உங்கம்மா செய்யுற மொச்சையே செஞ்சு போடுறேன்."

"சரி. அம்மா மொச்சை மாதிரி இருந்துச்சுன்னா நீங்க அங்கயே இருங்க. இல்லன்னா சாவியை என்கிட்ட குடுத்துடணும்."

அந்த மொச்சைக்கு அவர் வீட்டில் ஒரு முறை உண்டு. ஊறவைத்த மொச்சையை மண்சட்டியில் போட்டு, மூடியை மைதா மாவால் அடைத்து, ரொட்டி எடுத்து முடிந்ததும் பேக்கரி அடுப்பின் தணிந்த சூட்டில் வைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வைத்தால் மதியம் ஒரு மணிக்கு எடுக்கலாம். ஜன்னா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. ஜெய்புன்னிசாவே சட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள், தூக்கிக்கொண்டு வருவாள். அடுப்பு மாஸ்டருக்கு அன்றைக்கு ஒரு தூக்கு நிறையப் பிரியாணியும் கொடுத்தனுப்புவாள். இளகிய மனசு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இன்று திங்கள். முதல் ஒத்திகை. வீட்டுக்கு வந்து காய்ந்த மாவை உடைத்து, ஒரு மொச்சையை எடுத்து வாயில் போட்டார்.

உப்பு இருந்தது. அளவாக இருந்தது. புளிப்பும் காரமும் அடங்கிய பிறகு நாக்கின் அடியில் கருப்பட்டி இனித்தது. அவர் கருப்பட்டி போடவே இல்லை. வீட்டில் கருப்பட்டியே இல்லை.

கடல் பக்கத்து ஜன்னல் தானாக ஒருமுறை அடித்துக்கொண்டது. சட்டி சூடு ஆறும்போது உள்ளேயிருந்து டொக், டொக் என்று ஏதோ தட்டியது. காஜா மொய்தீன் மூடியை மூடிவிட்டு, மேலே ஒரு அம்மிக்குழவியையும் எடுத்து வைத்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு சோதனை வைத்தார். வேண்டுமென்றே உப்பு போடவில்லை. மாவை அடைத்து, சுற்றிலும் தன் கட்டைவிரலை அழுத்தி அடையாளம் வைத்தார். பாத்திர வியாபாரி, சீல் வைப்பதில் பழக்கமுள்ளவர்.

மதியம் சட்டி வந்தது. கட்டைவிரல் அடையாளம் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் மாவு சின்னச் சின்ன மடிப்பாக, சோமாஸ் ஓரம் போல அழகாக மடித்திருந்தது. அந்த மடிப்பை அவருக்குத் தெரியும். எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்த மடிப்பை உடைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்.

ஒரு மொச்சையை எடுத்து வாயில் வைத்தார். உப்பு சரியாக இருந்தது.

திரும்பவும் பேக்கரிக்கு ஓடினார்.

"மாஸ்டர், அடுப்பாண்ட யாராச்சும் வந்தாங்களா?"

"அடுப்பாண்ட யாரு பாய் வருவாங்க? நான் ஒருத்தன்தான் கீறேன்."

"வேற ஆரும் சட்டியத் தொடலயே?"

"வேற ஆரும் தொடல. எப்பவும் போலத்தான்" என்று விறகை இழுத்துப்போட்டார் தர்மராஜ்.

எப்பவும் போலத்தான் என்ற சொல் காஜா மொய்தீனை வீடு வரைக்கும் விரட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்தைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"போன மனுசங்க ரூஹு வந்து உப்பெல்லாம் போடாது பாய். நீங்க போட்டுட்டு மறந்துருப்பீங்க. வீட்டம்மாவுக்காக துஆ செய்யுங்க. நாளைக்கு உப்பை நீங்களே கையால அள்ளிப் போடுங்க, சந்தேகம் தீந்துடும்."

நல்ல யோசனைதான். ஆனால் பயந்தவன் கையில் அளவு நிற்காது. புதன்கிழமை காலை காஜா மொய்தீன் பிஸ்மி சொல்லி ஒரு கை அள்ளிப் போட்டார். போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு கை போட்டார். ஞாபகம் இருக்கட்டும் என்று மூன்றாவது கையும் போட்டார். இனி யார் வந்தாலும் உப்பு போட இடமில்லை.

மதியம் மடிப்பை உடைத்துத் திறந்தார். மொச்சைக்கு நடுவே நாலு உருளைக்கிழங்குத் துண்டு மிதந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழம்பில் உப்பு கரித்தால் உருளைக்கிழங்கு போடுவாள் ஜெய்புன்னிசா. சமையலறைக் கூடையில் கிழங்கை எண்ணிப் பார்த்தார். மூன்று இருந்தது. நாலு இருந்ததாக நினைவு. ஐந்து இருந்ததாகவும் ஒரு நினைவு. எங்கிருந்தோ அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை வந்தது போலிருந்தது, உடனே போய்விட்டது.

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அவர் வீட்டில் ஆண்கள் யாரும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அவள் வருவாள். அவ்வளவுதான்.

"இந்தா" என்றார் சட்டியைப் பார்த்து. "கோவமா கீறியா? உப்பு ஜாஸ்தியாப் போட்டது தப்புதான். உருளக்கெழங்கு எதுக்கு? ஜன்னா பாத்தா கண்டுபுடிச்சுடுவா. வெள்ளிக்கெழமை கெழங்கு போட்டுடாத. சொல்லிட்டேன்."

வாசலில் ஏதோ தட்டு விழுந்தது. மீன் கூடையோடு ஆதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி, மீன் விற்க வந்து சேதியும் விற்பவள்.

"ஆருகிட்ட பாய் பேசினு கீற?"

"ஆருமில்ல."

ஆதியம்மாள் எட்டிப் பார்த்தாள். வீட்டில் யாருமில்லை. ஒரு சட்டியும், சட்டிக்கு எதிரே சம்மணமிட்ட ஒரு பெரிய மனுஷனும்தான். அவள் சங்கரா மீன் விலைகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது.

"அத்தா, சட்டிகிட்ட பேசினு இருந்தீங்களாமே."

"இல்லம்மா. திக்ர் ஓதினு இருந்தேன்."

"திக்ர்ல உருளக்கெழங்கு எங்க வந்துச்சு?"

ஜன்னாவின் குரல் இறங்கியது. "எனக்குப் பயமா இருக்குத்தா. வெள்ளிக்கெழமை துணியெல்லாம் எடுத்து வெச்சு ரெடியா இருங்க. மொச்சையெல்லாம் வேணாம்."

"ஒரு வாட்டி தின்னு பாரு. அப்புறம் கூட்டினு போ."

கெஞ்சிக் கூத்தாடி அந்த ஒரு வாட்டியை வாங்கினார். ஆவி இருப்பதும் வம்பு, அதை வெளியே சொல்வது அதைவிட வம்பு. எனவே வியாழக்கிழமை அவர் பேக்கரிப் பக்கமே போகவில்லை. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஆயத்துல் குர்ஸி ஓதி நாலு பக்கமும் ஊதிவிட்டு, கேஸ் அடுப்பில் குக்கரை ஏற்றினார். அவள் உள்ளே வர வழியில்லாமல், தான் மட்டும், தனியாகச் சமைத்தார்.

அவள் வரவில்லை என்பது பதினோரு மணிக்கே தெரிந்துவிட்டது. மேலே கூழ், அடியில் கரி. உப்பு எங்கோ ஒரு மூலையில் கட்டியாகக் கிடந்தது. தெருநாய் மோந்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தது.

அன்றைக்குத்தான் காஜா மொய்தீனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவள் வந்துவிடுவாளோ என்ற பயம் போய், வராமல் போய்விடுவாளோ என்ற பயம். வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. வெளியே அலைச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டு மாதமாக வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. சத்தமில்லாமல், குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

வெள்ளிக்கிழமை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து, சட்டியில் ஊறவைத்த மொச்சையைப் போட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு காகிதமும் பேனாவும் எடுத்தார். மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. 'இந்தா' என்று எழுதினால் அசிங்கம். பெயரை எழுதக் கை வரவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு எழுதினார்:

'உப்பு, புளி, காரம் எதுவும் போடவில்லை. நான் போட்டால் கெட்டுவிடும் என்று தெரிந்துவிட்டது. எப்போதும் போல நீயே பார்த்துக்கொள். இன்று ஜன்னா வருகிறாள். சரியாக வராவிட்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இத்தனை வருஷம் உன் கைச் சமையலைச் சாப்பிட்டேன். ஒரு நாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. மன்னித்துவிடு. நன்றாயிருந்தது.'

அதை மடித்து, பார்சல் கட்டும் அலுமினியத் தாளில் சுற்றி, மொச்சைக்கு மேலே வைத்து, மூடி, மாவு அடைத்தார். பேக்கரியில் சட்டியைக் கொடுக்கும்போது கை விடவே மாட்டேன் என்றது. தர்மராஜ்தான் பிடுங்கி உள்ளே தள்ளினார்.

ஜும்ஆ முடிந்து சட்டியோடு வீட்டுக்கு வந்தபோது ஜன்னாவும் ஆகிப்பும் வந்திருந்தார்கள். ஜன்னா முதலில் பார்த்தது அவர் முகத்தை. அப்புறம் அலமாரியை. துணி எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை.

மாவு மடிப்பு மடிப்பாக இருந்தது. ஜன்னா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

காஜா மொய்தீன் மூடியைத் திறந்து, அவசரமாக உள்ளே பார்த்தார். செக்கச்செவேலென்று மொச்சை மினுமினுத்தது. உருளைக்கிழங்கு இல்லை.

கடிதமும் இல்லை.

கரண்டியால் கிளறிப் பார்த்தார். அடிவரைக்கும் இல்லை. வாங்கிக்கொண்டுவிட்டாள்.

ஹோட்டலில் சொல்லி வைத்த பிரியாணியை இலையில் போட்டு, பக்கத்தில் ஒரு கரண்டி மொச்சை வைத்தார். ஆகிப் தின்றுவிட்டு, "மாமா, இது மாமி மொச்சையே தான்" என்றான். ஜன்னா ஒரு வாய் வைத்தாள். மெல்லவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எப்படித்தா?"

"தெரியலம்மா. உங்கம்மாதான்."

இந்த முறை ஜன்னா சண்டைக்கு வரவில்லை. சமையலறைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா இங்கதான் கீறாங்க. நீங்க எங்கயும் வர வேணாம்த்தா. இங்கயே இருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காஜா மொய்தீன் சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே நிழல் அசைந்தது போலத்தான் இருந்தது. நாற்பது வருஷத்தில் முதல் முறையாக, மெதுவாக, "ஜெய்பு" என்றார்.

"பாய்" என்று பதில் வந்தது.

மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. குரல் வந்தது தெருவாசலிலிருந்து. தர்மராஜ் நின்றிருந்தார். தலையில் துண்டு இல்லை, தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் காலித் தூக்கு. இன்னொரு கையில் அலுமினியத் தாள் சுற்றிய காகிதம். கண் இரண்டும் சிவந்திருந்தது, புகையால் சிவந்தது மாதிரி தெரியவில்லை.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு பாய்?" என்றார் தர்மராஜ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பத்தொம்போது வருசமா அக்கா ஊறவெச்ச மொச்சைய மட்டும் குடுத்துட்டு, பிரியாணியக் குடுத்து என் வாய அடைச்சுடும். உப்பு, புளி, கருப்பட்டி போட்டு மாவு மடிக்கிறவன்கிட்ட நல்லா கீதுன்னு ஒரு வார்த்தை சொன்னது, இந்த வூட்ல நீங்க ஒருத்தர்தான்."