சரஸ்வதி பூஜையன்று இழைத்த கதவு

சாத்த இரண்டு விரல்கடை பாக்கி வைத்து உள்ளறைக் கதவு நின்றுவிட்டது. சாரங்கபாணி தோளைக் கொடுத்து முட்டினார். கதவு முனகியதே தவிர நகரவில்லை.

“விடுங்கோப்பா, மழையிலே ஊறியிருக்கு” என்றாள் சாவித்ரி.

“விடறதாவது! நாளைக்குக் காலம்பற ஒன்பது மணிக்குக் கூடுவாஞ்சேரிக்காரா உன்னைப் பார்க்க வரா.”

அவர் பதறியதற்குக் காரணம் இருந்தது. போன ஆவணியில் பெண் பார்க்க வந்தவர்கள், கூடத்தில் உட்கார்ந்தபடியே அந்த இடுக்கு வழியாக உள்ளறையைப் பார்த்தார்கள். கால் ஒடிந்த கட்டில், மூட்டை முடிச்சு, ஒழுகலுக்கு வைத்த அண்டா எல்லாம் தெரிந்தன. “கடிதம் போடறோம்” என்று எழுந்து போனார்கள். கடிதம் வரவில்லை. மனைவி போய் மூன்று வருஷம். பெண்ணை ஒரு நல்ல இடத்தில் கொடுக்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

குடையைக்கூட மறந்து தெருமுனைத் தச்சுப் பட்டறைக்கு ஓடினார். அங்கே தணிகைவேலின் ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதிரே பொரியும் கடலையும்.

“தணிகை, ஒரு கதவை இழைக்கணும். இப்பவே.”

“இன்னா சாமி நீ? பூசையும் அதுவுமா ஆயுதத்தத் தொடச் சொல்றியே. கதவு மழைக்கு உப்பிகினு கீது. தை பொறந்தா தானா சரியாப் பூடும்.”

“தையிலே கல்யாணமே நடக்கணும்டா!”

“அப்போ ஒண்ணு கேக்கறேன். எனக்கு அவசரமா ஒரு காயிதம் எழுதணும். சாயந்தர ரயில்ல என் மச்சான் எடுத்துகினு போவணும். எழுதித் தர்றியா?”

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிப் பிழைப்பவர் சாரங்கபாணி. அவருடைய பேனா காலையிலிருந்து சரஸ்வதி படத்தின் காலடியில் கிடந்தது. இன்று ஒரு எழுத்துக் கூட எழுத மாட்டார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாமி, அவனவன் ஆயுதத்தத்தான தொடக்கூடாது?” என்றான் தணிகைவேல் மெதுவாக. “நீ இழை, நான் எழுதறேன். வேல எப்பிடின்னு நான் சொல்றேன், எழுத்து எப்பிடின்னு நீ சொல்லு.”

பட்டறை ஓரத்துக் கோழிக்கூண்டின் மூடிக்குப் பாரமாக ஒரு பழைய இழைப்புளி கிடந்தது. அதைப் பூஜையில் வைக்கவில்லை. எழுதுவதற்குத் தணிகைவேலின் காதில் செருகிய துண்டுப் பென்சில்.

“அது உன் ஆயுதமில்லையோ?”

“மரத்துல கோடு போட்டாத்தான் ஆயுதம். காயிதத்துல போட்டா வெறும் பென்சிலு.”

வீட்டுக்கு வந்து இருவருமாகக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். தணிகைவேல் பொரி கட்டி வந்த தாளை மடியில் விரித்துக்கொண்டு எட்டி உட்கார்ந்தான்.

“சாமி, மொதல்ல நார் எந்தப் பக்கம் படுத்துகினு கீதுன்னு பாரு. பூனைய வாலுலேர்ந்து தலைக்குத் தடவினா சிலுத்துக்குமில்ல? மரமும் அப்பிடித்தான். படுத்த பக்கமா தள்ளு.”

“தெரியும், தெரியும்.” சாரங்கபாணி எதிர்ப்பக்கமாகத் தள்ளினார். ‘கர்ர்ரக்’ என்று ஒரு சிலாம்பு எழும்பி விரல்நீளத்துக்குப் பிய்ந்து வந்தது.

“ஐயோ! உளி ரொம்ப வெளில நீட்டிகினு கீது. பின்னாடி லேசா தட்டு, உள்ள போவும்.”

அவர் லேசாகத் தட்டவில்லை. உளியை இறுக்கியிருந்த ஆப்பு தெறித்து விழுந்தது. அதைத் தேடிச் செருகி, பிய்ந்த இடத்தைச் சமப்படுத்த அங்கேயே நாலு இழுப்பு இழுத்தார். அங்கே பள்ளம் விழுந்தது.

“நீ கடிதத்தைச் சொல்லு” என்றார், பள்ளத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.

“வேண்டப்பட்டவரு ஒருத்தரு, ஒரு ஆளப் பத்திக் கேட்டு எழுதிக்கீறாரு. அவரோட கூட்டு சேரலாமான்னு. இன்னா எழுதறது?”

“உள்ளதை உள்ளபடி எழுது. மறைச்சா நாளைக்கு உன் தலையிலேதான் விடியும். ஆள் எப்படி?”

“நல்லவருதான். ஆனா சொன்னா கேக்க மாட்டாரு.”

“‘பிறர் சொற்கேளாதவர்’னு போடு.” பள்ளத்தைச் சரிசெய்ய மேல்முனையைச் சீவினார் சாரங்கபாணி.

“மேல போதும் சாமி.”

“எனக்குத் தெரியும்!” இப்போது மேலே குறைந்துவிட்டது. ஆகவே கீழ்முனையையும் சீவினார். “அப்புறம்?”

“அவசரக்காரரு. கோவம் வேற பொசுக்குனு வந்துடும்.”

“எனக்கு எரிச்சல் வரதே கேட்க! சரி, ‘முன்கோபி’.”

“தெரியாத வேலைல தெரிஞ்ச மாரி எறங்குவாரு.”

“சீ, இப்படி ஒரு மனுஷனா!” சாரங்கபாணி நெற்றி வியர்வையைத் துடைத்ததில் மரத்தூள் திருமண்மேல் அப்பிக்கொண்டது. “கடைசியா ஒரு வரி எழுதிக்கோ. ‘அன்னாருடன் கூட்டுச் சேர்வது உசிதமன்று.’ நன்னா அழுத்தி எழுது.”

தணிகைவேல் பென்சிலைக் கடித்தபடி அவரையும், முழங்காலளவு குவிந்திருந்த மரச்சுருளையும் பார்த்தான். “சாமி, பெத்த பொண்ணுக்காவ இப்பிடி முட்டி தேய இழைச்சா, மரம் தாங்குமா?” என்றான். பிறகு குனிந்து வெகுநேரம் எதையோ எழுதினான்.

கதவை மாட்டினார்கள். எதிலும் இடிக்காமல் வெண்ணெய் மாதிரிச் சாத்திக்கொண்டது. சாரங்கபாணி ஜெயித்துவிட்டவர் மாதிரித் திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால் கதவு தானாகவே திறந்து, சாவகாசமாகச் சுவரில் போய் மோதியது.

மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது. கீழே சுருளைத் திணித்தார். நடுவில் நாலு விரல்கடைச் சந்து தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பூனை அதன் வழியாக வந்து, அவரைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போயிற்று.

“முன்னே கட்டில்தான் தெரிஞ்சது. இப்போ அறையே தெரியறது” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

சாவித்ரி பெட்டியைத் திறந்து அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்தாள். நிலையில் இரண்டு ஆணியில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள். அவர் எழுந்து அதன் மடிப்பை நீவிவிட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து பிள்ளையின் அப்பா கஸ்தூரிரங்கன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். பஜ்ஜியைப் பார்க்கவில்லை, காப்பியைத் தொடவில்லை. நேரே போய்ப் புடவையை விலக்கினார்.

“இதுதானா அந்தக் கதவு?”

சாரங்கபாணி ஓடிவந்து புடவையை இழுத்து மூடப் பார்த்தார்.

“சொந்தக்காராளைக் கேட்டா புகழத்தான் செய்வா. எங்காத்து வாசக்கால் வெச்சவன் உங்க தெருத் தணிகைவேல். அதனாலே அவனுக்கு எழுதிக் கேட்டேன். ராத்திரி பதில் வந்தது” என்று கஸ்தூரிரங்கன் சட்டைப்பையிலிருந்து பொரி மணக்கும் ஒரு பழுப்புத் தாளை எடுத்தார்.

பிறர் சொற்கேளாதவர். முன்கோபி. உசிதமன்று. தான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கட்டைப் பென்சிலில் வரிசையாக நிற்பதைச் சாரங்கபாணி பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டார். அது அவரையும் இழுத்துக்கொண்டு திறந்தது.

கஸ்தூரிரங்கன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளின் அடியை மட்டும் உரக்கப் படித்தார்:

“‘மேல கண்டதெல்லாம் அந்த ஆளே தன்னப் பத்தின்னு தெரியாம சொல்லச் சொல்ல நான் எழுதினது. பொண்ணுக்காவ அவரு இழைச்ச கதவு கோணல். மனுசன் நேர்.’”