ரோஸ் பேசின்கள் முக்தியடைந்த கதை

குழாய்க் கடையில் அன்று நிற்க இடமில்லை. குழாய் வாங்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி வாங்க ஆளிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தெருவின் மற்ற கடைக்காரர்கள். பெயின்ட் கடைக்காரர், மரக்கடைக்காரர், பூட்டுக் கடைக்காரர், கூடவே அவருடைய மாமனார்.

"விக்காத சரக்க ஒரே நாள்ல ஓட வச்சிடுறாராம்!"

"சரக்கத் தொடக்கூட மாட்டாராம். மவுஸ மட்டும்தான் தொடுவாராம்!"

கணினிச் சாமியார் வந்து இறங்கினார். பட்டு அங்கி, கழுத்தில் பென் டிரைவ் மாலை, வாசலில் பளபளக்கும் வெள்ளைக் கார். ஞானத்துக்கு நடந்து வந்தால் கால் வலிக்கும் போலிருக்கிறது.

கணினிக்குப் பக்கத்தில் முதலாளியின் தங்கை நின்றாள். நேற்று வரை அந்த நாற்காலி அவளுடையது. கணவன் இறந்துபோன பிறகு மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். கடைக்குக் கணக்கு மென்பொருள் வாங்கியபோது இது குழாய், இது பேசின், இன்ன வகை, இன்ன அளவு என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பதிந்தவள் அவள்தான். நேற்று வந்த சாமியார் நூலில் கட்டிய கல் ஒன்றைக் கணினிக்கு மேலே ஆட்டிப் பார்த்துவிட்டு, "பதிஞ்ச கை ராசியில்லாத கை. அதான் சரக்கு தூங்குது" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் அதை அப்படியே நம்பிவிட்டார். "நாளைக்கு சாமிக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டு, அதோட வீட்ல இரும்மா" என்றார். மகளின் படிப்பு, அவளுடைய மானம், எல்லாம் அந்த நாற்காலியை நம்பித்தான் இருந்தன.

தூங்கிய சரக்கு வேறொன்றுமில்லை, ரோஸ் நிற வாஷ்பேசின்கள். ஆசைப்பட்டு லோடு லோடாக இறக்கியது அண்ணன். வந்தவர்கள் எல்லாம் கேட்டது வெள்ளை. இதில் தங்கையின் கை எங்கே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாமியார் கண்ணை மூடினார். "ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பிறவி வகை உண்டு. இந்த பேசின சரக்குன்னு பதிஞ்சு வச்சிருக்கீங்க. அதோட ஆத்மா சேவை!"

கூட்டம் சிலிர்த்தது. தனக்கு ஆத்மா இருப்பது அதுவரை பேசினுக்கே தெரியாது.

'சரக்கு' என்றிருந்த வகையை 'சேவை' என்று மாற்றினார். இருப்புப் பட்டியலைத் திறந்தார். ஒரு ரோஸ் பேசின்கூட இல்லை! கைதட்டல் காதைப் பிளந்தது. அண்ணன் கண்ணில் தண்ணீர். பூட்டுக் கடைக்காரரின் மாமனார் தடாலென்று காலில் விழுந்தார். எழுப்பத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்க் குழாய் மாட்டிக் கொடுக்கும் கூலியைத்தான் அவள் 'சேவை' என்று பதிவாள். கூலியைக் கிடங்கில் அடுக்க முடியுமா? அதனால் சேவை என்று போட்ட எதையும் மென்பொருள் இருப்பில் எண்ணாது. அவ்வளவுதான் அற்புதம்.

"அண்ணா, பேசின் ஓடிப்போச்சுன்னா கிடங்கு காலியா இருக்கணும்ல? வா, திறந்து பாப்போம்."

சாமியார் அசரவில்லை. தொழில் சுத்தம். "ஆத்மா போயாச்சு. உடம்பு மட்டும் கிடக்கும். அதப் பாத்தா ஆத்மா திரும்பி வந்துடும்!"

"வாய மூடிட்டு இரு" என்று அண்ணன் தங்கையின் மேல் பாய்ந்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினாள். புதிய பொருள்: வெள்ளைக் கார். வகை: சரக்கு. இருப்பு: ஒன்று. பட்டியலில் கார் வந்து நின்றது. பிறகு வகையைச் 'சேவை' என்று மாற்றினாள். பட்டியலில் காரைக் காணோம்.

"சாமி, உங்க காரும் ஓடிப்போச்சு! ஆத்மா போயாச்சு, உடம்பு உங்களுக்கு எதுக்கு? சாவிய பெயின்ட் கடைக்காரர்கிட்ட குடுத்துடுங்க."

பெயின்ட் கடைக்காரர் நிஜமாகவே கையை நீட்டிவிட்டார்.

சாமியார் சாவியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு துள்ளினார். "என்ன விளையாடுறீங்களா? கார் வாசல்லயே நிக்குது! கண்ணு தெரியல?"

"நல்லாத் தெரியுதுங்க" என்றாள் தங்கை. "அதே மாதிரிதான் பேசினும் கிடங்குல நிக்குது."

முதலில் தன் கடைக்கு ஓடியவர் மரக்கடைக்காரர். போன வாரம் சாமியார் அவர் கடையில் கதவுகளுக்கு முக்தி கொடுத்திருந்தார். மற்றவர்கள் கிடங்கைத் திறந்தார்கள். தரையிலிருந்து கூரை வரைக்கும் ரோஸ். நழுவப் பார்த்த சாமியாரின் காரை நாலு பேர் மறித்தார்கள். வாங்கிய காணிக்கையை ஆத்மாவும் உடம்புமாக எண்ணி வைத்துவிட்டுத்தான் அவர் போக முடிந்தது.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நாளைக்கும் கடைக்கு வந்துடும்மா."

"வரேன். ஆனா, என் கைக்கு ராசியில்லன்னு அவன் சொன்னப்ப, அத்தன ரோஸையும் வாங்கினது யாரு கைன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. பேசினைச் சேவை என்றால் நம்பும், காரைச் சேவை என்றாலும் நம்பும். பாவம், அதற்கு மூளை கிடையாது. உங்களுக்கு இருக்கிறதே, ஐயா! அதையும் ஏன் கிடங்கில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?