அப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூ

“மூக்கு சரியில்ல சிஸ்டர். எங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு பெரிய மூக்கு கிடையாது.”

அவள் செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வாடிக்கையாளர் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். போட்டோவில் மூக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் பொம்மையிலும் பின்னியிருந்தாள். இழை பிசகவில்லை.

“நீங்க அனுப்பின போட்டோவுல அப்படித்தாங்க இருக்கு.”

“அது வீடியோ கால் பேசறப்ப எடுத்தது சிஸ்டர். போனுக்கு ரொம்பக் கிட்ட வந்து பேசுவாரு. மூக்கு மட்டும் முன்னாடி வந்து நிக்கும். நேர்ல அவ்வளவு இல்ல.” குரல் கொஞ்சம் யோசித்தது. “இல்லன்னுதான் ஞாபகம்.”

“பாப்பா என்ன சொல்றா?”

“‘இது அப்பா இல்ல, யாரோ மாமா’ங்கறா. தள்ளி விட்டுட்டுப் போயிட்டா.”

இது அவளுக்கு வந்த முதல் ஆர்டர். அதற்கு முன் வந்ததெல்லாம் வெறும் விசாரிப்பு. உல்லன் நூலில் அவள் பின்னிய பொம்மைகளைப் பார்த்து “செம அழகு, என்ன விலை?” என்பார்கள். சொன்னால், “கையாலதானே செய்யறீங்க, மெஷின் செலவு மிச்சம்தானே, குறைச்சுக்கங்க” என்பார்கள். குறைத்தால், “சும்மா கேட்டேன்” என்பார்கள். ஒரு அம்மாள் மட்டும் நேர்மையாக, “எனக்குக் கத்துக் குடுத்துடுங்க, நானே பண்ணிக்கறேன்” என்றாள்.

இந்த வாடிக்கையாளர் பேரம் பேசவில்லை. கணவன் வெளிநாட்டில் வேலை பார்த்தான். இவள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது போனவன். ஒவ்வொரு வருஷமும் லீவு கிடைக்கும் என்பான், கிடைக்காது. மகளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. கட்டிக்கொண்டு தூங்க ஒரு அப்பா பொம்மை வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

“பாப்பாவுக்குப் பிடிச்சிடுச்சுன்னா, அவ கட்டிப் பிடிச்சிருக்கற மாதிரி போட்டோ எடுத்துப் போடறேன் சிஸ்டர். எங்க பிளாட்ல என்னை மாதிரி நிறைய பேர் இருக்காங்க. எல்லாரும் உங்ககிட்டதான் வருவாங்க.”

அந்தப் போட்டோதான் இப்போது அவளுக்கு உயிர். ஏனென்றால் அண்ணன் கெடு வைத்திருந்தான்.

“ஒரே ஒரு கஸ்டமர். ஒரே ஒரு ஆள் உன் பொம்மைய ஆசையா வெச்சிருக்கற மாதிரி ஒரு போட்டோ காட்டு, நான் வாயே தெறக்க மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள இல்லன்னா, ரூமைக் காலி பண்ணிட்டு வந்து என் சிநேகிதன் கடையில கணக்கு எழுது.”

அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படிக்கட்டு ஏறிய முதல் ஆள் அவள். அந்தப் படிக்கட்டின் முடிவில் குளிரூட்டிய அறையும் சுழல் நாற்காலியும் இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். முடிவில் இருந்தது இன்னொரு படிக்கட்டு. வீட்டுக்கு வெளிப்பக்கமாக மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டு. அதன் உச்சியில் அவள் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. டிகிரிச் சான்றிதழ் ஓதம் படாமல் இருக்க அரிசி டப்பாவுக்கு மேலே வைக்கப்பட்டிருந்தது. வேறு எதற்கும் அது பயன்பட்டதில்லை.

அறையில் மூன்று சுவர்கள் ஊறிப்போய்க் காரை உதிர்ந்தவை. நாலாவது சுவர் மட்டும் பளிச். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோ காலில் வரும்போது, பிளாஸ்டிக் நாற்காலியை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்துகொள்வாள். கீழே முட்டி கிழிந்த நைட் பேன்ட். இடுப்புக்கு மேலே தொழில்முனைவோர். இடுப்புக்குக் கீழே வேலையில்லாப் பட்டதாரி.

“நல்லா இருக்கியாம்மா?”

“சூப்பரா இருக்கேம்மா.”

“சுவரே பளபளன்னு இருக்கே. நல்ல எடம்தான் போல.”

“ஆமாம்மா.”

அதற்கப்புறம் அடுத்த ஞாயிறு வரை அவளோடு பேச ஆளில்லை. ஒருநாள் நூல்கண்டு ஒன்று கை நழுவிப் படிக்கட்டில் உருண்டு, கீழ்வீட்டு ஓனரம்மாவின் பக்கெட்டில் போய் விழுந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவள் பெயர் நூல்கண்டு. “ஏ நூல்கண்டு, குழாய மூடினியா?” என்பதுதான் ஒரு நாளில் அவள் காதில் விழும் முழு உரையாடல். ஆகவே, புகார் சொல்லத்தான் என்றாலும், வாடிக்கையாளரின் போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.

பொம்மை கூரியரில் திரும்பி வந்தது. மூக்கைப் பிரித்துச் சின்னதாக்கி அனுப்பினாள்.

அடுத்த போனில் வேறு குரல். மாமியார்.

“ஏம்மா, நீதான் பொம்மை பண்றவளா? எம்புள்ளைய யாரு இப்படி வத்தலும் தொத்தலுமாப் பண்ணச் சொன்னது? போன எடத்துல சோறில்லாம கெடக்கறான்னு பாக்கறவங்க சொல்ல மாட்டாங்களா? கன்னம் வெச்சு அனுப்பு. தொப்பை கூட லேசா வெச்சாத் தப்பில்ல.”

பொம்மை திரும்பி வந்தது. பஞ்சைத் திணித்துக் கன்னம் வைத்தாள். லேசாகத் தொப்பையும் வைத்து அனுப்பினாள்.

“ஐயோ சிஸ்டர்,” என்றது பழைய குரல். “இப்ப எங்க ஹவுஸ் ஓனர் மாதிரியே இருக்காரு. பாப்பா பாத்ததும் ‘வாடகை மாமா வந்துட்டாரு’ன்னு கட்டிலுக்கு அடியில பூந்துட்டா. நாங்க சொல்லிக் குடுத்த பழக்கம், நான் என்னத்தச் சொல்ல. எங்க கல்யாணத்தப்ப எப்படி இருந்தாரோ அப்படிப் பண்ணிடுங்க. மீசை மெல்லிசா, சிரிச்ச மூஞ்சியா.”

“உங்க மாமியார் தொப்பை கேட்டாங்களே?”

“அவங்களுக்கு அவங்க புள்ள. எனக்கு என் வீட்டுக்காரர்.”

பிரித்தாள். பின்னினாள். அனுப்பினாள். இந்த முறை குரல் அழுகிற மாதிரி இருந்தது.

“பாப்பா அவர மடக்கி பிஸ்கட் டப்பாக்குள்ள அமுக்கி வெச்சுட்டா சிஸ்டர். தலையும் சட்டையும் மட்டும் வெளிய தெரியுது. எடுத்து வெளிய வெச்சா திரும்ப அமுக்கறா. எங்க அத்தை, ‘பேத்தி எம்புள்ளைய டப்பாவுல அடைச்சுட்டா’ன்னு ஒரே அழுகை. வராத கோவத்துல அப்பாவுக்குத் தண்டனை குடுக்கறான்னு நெனைக்கறேன்.”

நூல்கண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். குழந்தையின் கோபம் அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. அவளுக்கே தினமும் யாரையாவது டப்பாவில் அடைக்கத் தோன்றும். முதல் ஆளாக அண்ணனை.

அன்று சாயங்காலம் ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத ஆண் குரல். பின்னால் ஏதோ யந்திரத்தின் இரைச்சல்.

“வணக்கம் சிஸ்டர். நான்தான் அந்தப் பொம்மை. போட்டோ அனுப்பியிருந்தாங்க, பாத்தேன். ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, முடி கொஞ்சம் தாராளமா வைங்க. இங்க தண்ணி சரியில்ல, ஊருக்கு வந்தா முளைச்சிடும். இன்னொண்ணு, நான் நல்ல உயரம். அஞ்சடி ஒம்பது. பொம்மையில குள்ளமாத் தெரியறேன். கால நீளமா வெச்சா கம்பீரமா இருக்கும். டப்பாவுலயும் அடைக்க முடியாது பாருங்க.”

அந்தக் கடைசி யோசனையில் நியாயம் இருந்தது. கால் துவண்டு போவதால்தானே மடக்கிச் செருகுகிறாள்? விறைப்பாக, தானே எழுந்து நிற்கிற மாதிரி இருந்தால்? நூல்கண்டு வாடிக்கையாளரைக் கூப்பிட்டாள்.

“கீழ என்ன பேன்ட் போடுவாருங்க? என்ன மாதிரி ஷூ? போட்டோவுல நெஞ்சு வரைக்கும்தான் இருக்கு.”

அந்தப் பக்கம் போட்டோக்களைத் தேடுவது போலிருந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் வந்தது.

“தெரியலையே சிஸ்டர்,” என்றாள் கடைசியில். “அங்க கால்ல என்ன போடறாருன்னு நான் எங்க பாத்தேன்? நல்ல ஷூவாப் போட்டுடுங்க.”

நல்ல ஷூவாகத்தான் போட்டாள். அது அவள் வாழ்க்கையிலேயே பின்னியவற்றில் சிறந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் மேல்பாகம், கறுப்பில் அடிப்பாகம், உள்ளே எட்டிப்பார்க்கும் சாம்பல் நிறக் காலுறை, துளைகளில் கோத்துப் பூப்போட்டுக் கட்டிய நிஜக் கயிறு. காலுக்குள்ளே கம்பி கொடுத்து, முனை குத்தாமல் துணியைச் சுற்றிச் சுற்றித் தைத்தாள். நிறுத்தி வைத்தால் நின்றது. கால் நீண்டதால் அதற்கேற்ப உடம்பும் நீள, உடம்புக்கேற்ப தலையும் பெருக்க, கடைசியில் பொம்மை ஒரு மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்கு வந்து நின்றது.

முடிந்தும் உடனே அனுப்பவில்லை. பளிச் சுவருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார வைத்திருந்தாள். டீ போடும்போது வாய் தவறி, “உங்களுக்கும் வேணுமா?” என்று கேட்டுவிட்டாள். அடுத்த நாள் வாய் தவறாமலேயே கேட்டாள். நல்ல மனிதர். குறுக்கே பேசவில்லை, கடையில் கணக்கு எழுது என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு போனாள். கூரியர் ஆபீஸில் இருந்தவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“இது பார்சலா, பிரயாணியா? இந்தக் காலுக்கு எங்ககிட்ட டப்பா இல்லம்மா. மடக்கலாமா?”

“மடக்க முடியாது. மடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடு.”

“அப்ப நடத்திக் கூட்டிட்டுப் போ.”

பஸ்ஸில் போனாள். மடியில் உட்கார்ந்த அப்பா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் வந்து ஷூவை ஒரு பார்வை பார்த்தார்.

“சாருக்கு யாரு டிக்கெட் எடுக்கறது?”

பக்கத்து சீட்டுப் பெண்மணி குலுங்கிச் சிரித்தாள். “யாரும்மா, உங்க வீட்டுக்காரரா?”

“இல்லங்க. கஸ்டமரோட வீட்டுக்காரர்.”

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கப் போய், சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

கதவைத் திறந்த வாடிக்கையாளர், குரலை வைத்து அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாகவும் இளைத்தும் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் முழுதாகப் பார்த்துக்கொண்டார்கள். எதிரே நின்றபின் எப்படிப் பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

“உள்ள வாங்க சிஸ்டர். அவரும் லைன்லதான் இருக்காரு.”

கூடத்து மேஜையில் தண்ணீர் டம்ளர்மேல் செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் அப்பா. போட்டோவில் பார்த்த அதே மூக்கு.

நூல்கண்டு பொம்மையை மேஜைக்குப் பக்கத்தில் தரையில் நிறுத்தினாள். ஆடாமல் நின்றது. மாமியார் கிட்ட வந்து அதன் கன்னத்தைத் தடவினாள்.

“எம்புள்ளையேதான். கன்னம் மட்டும் கொஞ்சம்...”

“அம்மா, சும்மா இரும்மா,” என்றது செல்போன். “சிஸ்டர், அந்தக் கால் பிரமாதம். இந்த மாதிரி ஷூ எனக்கே கிடையாது.”

வாடிக்கையாளர் பொம்மையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே இன்னொரு தரம் சரிசெய்தாள்.

“பாப்பா எங்கங்க?” என்று கேட்டபடி நூல்கண்டு தன் செல்போனில் கேமராவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு போட்டோ. மாசக் கடைசிக்கு இன்னும் அவகாசம் இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தை வந்தது. கையில் காலி பிஸ்கட் டப்பா. பொம்மையின் முகத்தை வெகுநேரம் பார்த்தது. செல்போனைப் பார்த்தது. மறுபடி பொம்மையைப் பார்த்தது.

“யாருடா கண்ணு இது?” என்றாள் அம்மா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“மூஞ்சி அப்பா.”

கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். செல்போனில் அப்பா கையைத் தட்டினார். நூல்கண்டு கேமராவை உயர்த்தினாள். அண்ணா, பார்த்துக்கோடா.

“அப்படின்னா ஓடிப்போய்க் கட்டிக்கோ!” என்றாள் அம்மா.

குழந்தை நகரவில்லை. குந்தி உட்கார்ந்து ஷூவைப் பார்த்தது. விரலால் முழங்காலை அமுக்கியது, கம்பி மசியவில்லை. எழுந்து மேஜையிடம் போய், செல்போனுக்கு நேர் கீழே குனிந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தது. திரும்பி வந்து தன் டப்பாவைப் பொம்மையின் காலருகே வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது.

“இது அப்பா இல்ல.”

“இப்பத்தானேடி அப்பான்னே?” என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாடிக்கையாளர் குழந்தையின் முன்னால் மண்டியிட்டாள். “என்னடா சரியில்ல? மீசையா? முடியா? எதுன்னு சொல்லு கண்ணு, அக்கா மாத்திக் குடுப்பாங்க.”

இத்தனை பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையா என்கிற மாதிரி குழந்தை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு, பொறுமையாகச் சொன்னது:

“எங்க அப்பாவுக்குத்தான் காலே கிடையாதே.”