புல்லில் பழகிய குட்டி

என் வாழ்க்கையில் நான் ஆழமாகப் படித்த ஒரே விஷயம் குதிரை. அதிலும், புல்தரையில் ஓடிப் பழகிய குதிரையை மணல்தரைக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதில் நான் ஒரு மேதை என்றே நம்பியிருந்தேன். (பி.காமுக்கு இதில் பாதி படித்திருந்தால் அரியர் விழுந்திருக்காது.) அந்த மேதைமையால் எனக்கு நடந்தது ஒன்றுதான்: கிட்டத்தட்ட முடிவான கல்யாணம் நின்றுபோனது.

அப்போது துபாயில் ஸ்டோர் கீப்பர் வேலை. அங்கே குதிரைப் பந்தயம் பார்க்க டிக்கெட் வேண்டாம், பணம் கட்டி ஆடவும் முடியாது. ஆறு பந்தயத்திலும் எது ஜெயிக்கும் என்று ஒரு சீட்டில் குறித்துப் பெட்டியில் போடலாம். ஆறும் சரியானால் கார் பரிசு. நானும் என் ரூம்மேட் ஜெரால்டும் (குளச்சல்காரன், லாரி டிரைவர்) லீவு கிடைத்தால் அங்கேதான் கிடப்போம்.

சில பந்தயம் புல்லில் நடக்கும், சில மணலில். மணலில் முன்னால் போகிற குதிரை உதைக்கும் மண் பின்னால் வருவதன் மூஞ்சியில் அடிக்கும். புல்லில் பழகியதற்கு அது ஆகாது, தலையைத் தூக்கிக்கொண்டு வேகத்தை விட்டுவிடும். குளம்பு அகலமாக விரிந்திருந்தால் புல்லுக்கு நல்லது, மணலுக்குக் கஷ்டம். தகப்பன் குதிரை மணலில் ஓடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதை நான் ஆரம்பித்தால் ரூமில் எல்லோருக்கும் துணி துவைக்கும் வேலை வந்துவிடும்.

லீவில் ஊருக்கு வந்தபோது அக்காவும் அத்தானும் குலசேகரத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அதற்கு முன் பார்த்த வீடுகளிலெல்லாம் என் வழுக்கை விழுந்த முன்மண்டையைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புதோம்" என்றவர்கள் யாரும் சொல்லி அனுப்பவில்லை. இந்த வீட்டில்தான் இரண்டாவது தடவை டீ வந்தது.

பெண் பெயர் சுஜா, பள்ளிக்கூட டீச்சர். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. அவருக்கு ஒரே கவலை.

"எனக்க குட்டி இந்தப் பச்சையில வளந்தவளாக்கும். அந்த மணல்காட்டுல நிப்பாளா, மாப்பிளே?"

(எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் குட்டி என்றால் பெண்பிள்ளை.)

"நல்லா நிப்பா மாமா," என்றேன்.

சுஜாவோடு தனியாகப் பேசவும் விட்டார்கள். "அங்க மழை உண்டா?" என்று கேட்டாள்.

"வருசத்துல ஒருக்கா பெஞ்சா உண்டு."

"அப்போ அண்ணைக்கு எல்லாரும் வெளிய வந்து நிப்பியளோ?"

உண்மையில் அப்படித்தான் நிற்போம். இவள்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அப்போது ஜெரால்டு போன் செய்தான். பந்தய மைதானத்தில் சீட்டுப் போடும் வரிசையில் நிற்கிறான். முன்னறையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பின்பக்கம் கிணற்றடிக்கு ஓடினேன். அங்கேயும் அரைகுறை என்பதால் கத்த வேண்டியிருந்தது. ஐந்து பந்தயத்துக்கு நான் சொன்னதையே குறித்துவிட்டானாம். ஆறாவதில், முதன்முதலாக மணலுக்கு வரும் ஒரு பெண்குதிரையைப் போடட்டுமா என்றான்.

"அந்தக் குட்டி வேண்டாம்லே!" என்று கத்தினேன். "புல்லுலயே பழகுனதாக்கும். மணலுக்குக் கொண்டு வந்தா நிக்காது!"

அவன் என்னவோ சொன்னான்.

"பாக்க அழகாத்தான் இருக்கு. அழகு என்னத்துக்கு? பாதத்தப் பாத்தியா, முறம் மாதிரி விரிஞ்சு கிடக்கு! அதுக்க அப்பனும் மணலு காணாதவன்தான். அத வெட்டிட்டு நாலாம் நம்பரப் போடு!"

திரும்பினால் சமையலறை ஜன்னல். ஜன்னல் நிறையப் பெண்கள்.

நான் முன்னறைக்கு வருவதற்குள் விஷயம் வந்து சேர்ந்திருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். சுஜாவின் அப்பா எழுந்து நின்றார்.

"எனக்க குட்டிக்க பாதத்துல என்ன குத்தம் மாப்பிளே?"

"ஐயோ மாமா, நான் சொன்னது குதிரைய!"

"குதிரையா?"

"பந்தயக் குதிர மாமா!"

அந்த ஒரு வார்த்தையில் என் கதை முடிந்தது. பெண்ணின் பாதத்தைப் பழித்தவனையாவது மன்னித்திருப்பார்கள். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பணம் கட்டுவதில்லை, சும்மா சீட்டுதான் என்று சொல்லச் சொல்ல, எல்லாக் குடிகாரனும் பேசுவது போலவே எனக்கே கேட்டது.

சுஜா வாசலில் வந்து நின்றாள். சேலை பாதத்தை மூடியிருந்தது.

"அந்த நாலாம் நம்பரு எந்த ஊரு?" என்றாள்.

அவளாவது குதிரை என்பதை நம்பினாளா, கேலி செய்தாளா, இன்றுவரை தெரியாது. பதில் சொல்வதற்குள் அத்தான் என் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்துப் போய்விட்டார்.

நாகர்கோவில் வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது ஜெரால்டு மறுபடி அழைத்தான். ஐந்து சரி. ஆறாவதில் நான் வெட்டச் சொன்ன குட்டி, முதலிலேயே முன்னால் போய், ஒரு பொட்டு மண் மூஞ்சியில் படாமல் ஜெயித்துவிட்டதாம்.

"நாலாம் நம்பரு?"

"அது இப்போதான் வந்திட்டு இருக்கு மக்கா."

அன்று இரவு நான் அழுதது காருக்காக என்று அக்கா நினைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு எனக்குப் பூதப்பாண்டியில் பெண் அமைந்தது, பிள்ளைகளும் உண்டு. ஆனால் சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும் என்னைக் காரில் ஏற்றுவதில்லை. புறப்படும்போது அத்தான் கண்ணாடியை இறக்கி, தெருவே கேட்கும்படி சொல்வார்:

"நீ வீட்டுல இரு மக்கா. பாதத்தப் பாத்திட்டு நாங்க போன் பண்ணுதோம்."

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது என் மனைவிதான்.