அபிநயாவுக்கு ரிப்பீட்டர் சீட் கேட்டு மாப்பிள்ளை பூபதிக்கு

பனமரத்துப்பட்டி,
ஜூன் 20, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பூபதி அவர்களுக்கு உங்கள் அக்காள் புருஷன் கதிர்வேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அக்காள் மயிலம்மாளும் எங்கள் மகள் அபிநயாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனதைப் பற்றி விசாரிக்கும் பழக்கம் நம் இரண்டு குடும்பத்திலும் கிடையாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன். அங்கே நீங்களும், உங்கள் மனைவியும் எனக்குத் தங்கை முறையுமான உஷாராணியும், நாமக்கல்லில் நீங்கள் நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளியும், அதில் உண்டு உறைகிற ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போனில் நீங்கள் "சொல்லுங் மாமா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வேறு யாரிடமோ டைல்ஸ் பற்றிப் பேசுகிறீர்கள். கடிதமென்றால் படிக்காமல் தூக்கிப் போடுவதற்காவது அதைக் கையில் எடுத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பிளஸ் டூ முடித்த அபிநயாவுக்கு உங்கள் ரிப்பீட்டர் வகுப்பில் ஒரு இடம் வேண்டும். ஒரு வருடம் விடுதியில் அடைந்து கிடந்து மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதட்டும். இரண்டு வருடமாக நீங்கள் சொன்னதும் நான் மறுத்ததும் இதைத்தான். இடம் கேட்கிறவன் இரண்டு வரியில் கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எம்.ஏ. படித்து இருபத்தாறு வருடம் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் இப்படிக் கேட்கும்படி ஆனதில் உங்களுடைய பங்கு என்ன என்பது எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நூலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில், செய்தித்தாளில் ஒரு சின்னப் பத்தி பார்த்தேன். சென்னையில் ஒரு கல்லூரி. கணிதம் மட்டுமே சொல்லித் தருகிறார்கள். நாடு முழுவதிலிருந்தும் வருடத்துக்கு ஐம்பது பேரைத்தான் எடுக்கிறார்கள். என் வேலைக்காலத்தில் முதல்முறையாக அரசாங்கச் செய்தித்தாளைக் கத்தரித்தேன். அபிநயா அதைப் படித்துவிட்டுத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு காட்சி வர ஆரம்பித்தது. ஒரு நீண்ட வராந்தா. வெளியே வேப்பமரம். சுவர் முழுக்கக் கரும்பலகை. முழங்கை வரை சாக்பீஸ் தூளோடு அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு யோசித்துக்கொண்டே நடக்கிறாள். அந்தக் காட்சியில் மணியே அடிப்பதில்லை. நான் அந்தக் கல்லூரியைப் பார்த்தது கிடையாது. அங்கே வேப்பமரம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் ஜருகுமலை மேல் மேகம் இறங்கும்போதெல்லாம் அந்த வராந்தாவில் நான் ஒரு ஓரமாக நின்றுகொண்டுதான் இருந்தேன்.

விண்ணப்பத்தை இணையத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன். அரைப் பக்க அளவில் ஒரு கட்டம். "பள்ளிப் பாடத்துக்கு அப்பால் நீங்கள் பயின்ற உயர்நிலைக் கணிதப் பாடங்களை விவரிக்கவும்." எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளிப் பாடத்துக்கு இந்தப் பக்கமே தகராறு. தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணனிடம் போய்ச் சிறப்பு வகுப்பு ஏதாவது வைக்க முடியுமா என்று கேட்டேன். மனிதர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தானும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "சார், கணக்கு வாத்தியாரையே பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்கியாந்திருக்கறமுங்க. மூணு நாள் இங்க, ரெண்டு நாள் அங்க. அந்த மூணு நாள்ல ஒரு நாள் உங்க பொண்ணு கேக்கற கேள்விக்கே போயிருதுங்க. மிச்சப் புள்ளைங்க அந்த ஒரு நாள்ல நல்லாத் தூங்குதுங்க." மதியம் நூலகத்தில் கண் அசந்தால் அந்தக் கட்டம் வரும். வரவர ஏரி அளவுக்கு விரியும். அதன் ஓரத்தில் கொக்கு நிற்கும். நான் பேனாவோடு கரையில் நிற்பேன். பேனாவில் மை இருக்காது.

அந்த நிலையில்தான், மாப்பிள்ளை, போன அக்டோபரில் மகளைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தேன். உங்கள் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஒலிம்பியாட் கணித வகுப்பு நடக்கிறது. கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டேன். நீங்கள் நாலு ஆசிரியர்கள் எதிரில், நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு பேசியது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"ஏனுங் மாமா, இதென்ன சந்தைங்களா, சனிக்கெழமை மட்டும் வந்து பாத்துட்டுப் போறதுக்கு? சேத்தறதுன்னா முழுசாச் சேத்துங்க. ஹாஸ்டல், சாப்பாடு, டெஸ்ட்டு எல்லாம் ஒண்ணாத்தானுங்."

"புள்ளைக்குக் கணக்கு மட்டும் போதுமுங்க மாப்பிள்ளை."

"கணக்கு மட்டும் படிச்சு என்ன பண்றதுங்? உங்களாட்ட லைப்ரரியில உக்காந்து பேன் காத்து வாங்கறதா?"

நாலு ஆசிரியர்களும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள், சிரிக்கத்தான் வேண்டும். தங்கை உஷாராணி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அதைத் தொடவில்லை. அபிநயா இரண்டு டம்ளர் குடித்தாள். கொத்தமல்லி போட்டு நன்றாக இருந்ததாம். திரும்பி வரும்போது பேருந்தில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமா பள்ளிக்கூடத்துல ஜன்னலெல்லாம் மேல வெச்சிருக்காங்கப்பா. உக்காந்தா ஒண்ணுமே தெரியல" என்றாள். இப்போது அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அவளுக்கு ஒரு இடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு நானே களத்தில் இறங்கினேன். மாவட்ட மைய நூலகத்துக்கு ஏழு கடிதம் எழுதியதில் ஒரு நல்ல கணிதப் புத்தகம் வந்து சேர்ந்தது. ஆனால் கடைசி அறுபது பக்கம் இல்லை. விடைகளெல்லாம் அந்த அறுபது பக்கத்தில். எவனோ ஒரு புண்ணியவான் கிழித்துக்கொண்டு போயிருக்கிறான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் நான்கு மாதம் அதையே வைத்துக் கணக்குப் போட்டாள். "வெடை இல்லாம இருக்கறது நல்லாத்தான்பா இருக்கு. முடிஞ்சுதா இல்லையான்னு நாமளேதான் சொல்லிக்கோணும்" என்றாள். இப்படிப் பேசுகிற பெண்ணை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?

கூடவே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணித வகுப்புகள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. ஏரிக்கரையில் மூன்றாவது புளியமரத்தடியில்தான் கிடைக்கும். பள்ளி விட்டதும் அவள் அங்கே போய் உட்காருவாள். நூலகத்தைப் பூட்டிவிட்டு நானும் போவேன். இந்த வருடம் ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. நாமக்கோழிகள் மிதக்கும். தண்ணீர் மேல் வெயில் பழுக்கும். போனுக்குள்ளிருந்து ஒருவர் முடிவே இல்லாத எண்களைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனால் அந்த நேரத்தில் உங்கள் மேல்கூட எனக்குக் கோபம் இருந்ததில்லை. அங்கே ஆடு மேய்க்கும் அத்தாயி என்கிற அம்மாளும் பக்கத்தில் குந்திக்கொண்டு அவ்வளவையும் கேட்பாள். ஒரு நாள், "ஏஞ்சாமி, எண்ணி முடியாததை எதுக்கு எண்ணோணும்? நானெல்லாம் ஆட்டை எண்ணறதே இல்லை. ஒரு ஆட்டுக்கு ஒரு கவுறு. பட்டியில கட்டி முடிச்சாக் கவுறு மிஞ்சக் கூடாது. மிஞ்சினா ஆடு காணோம், அவ்வளவுதான்" என்றாள். அபிநயா நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனையையும் திரட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தை நான் நிரப்பினேன். "முடிவிலிக் கணங்கள் குறித்த திறந்தவெளிப் பயிலரங்கம், நான்கு மாதம்." "விடைக்குறிப்பு சாராத தற்சார்பு ஆய்வு." தமிழில் எழுதி ஆங்கிலத்தில் பெயர்த்து, படித்துப் பார்த்தபோது எனக்கே அந்தப் பெண்ணிடம் பயம் வந்தது. அனுப்பும்போது அவள் என்ன செய்தாள் தெரியுமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு நாலே வரி எழுதி அனுப்பிவிட்டாள். "எங்கள் பள்ளியில் இவை இல்லை. கடைசி அறுபது பக்கம் இல்லாத ஒரு புத்தகத்தைப் படித்திருக்கிறேன். எங்கெங்கே தப்பு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை." பாக்கிக் கட்டம் முழுக்க வெள்ளை. இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை.

எப்படியோ எழுத்துத் தேர்வில் தேறி, வீடியோவில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. போன வாரம் வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்கால். இங்கேதான் உங்கள் அக்காள் உள்ளே வருகிறாள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். "பொண்ணு பாக்கறதுக்கே ராகு காலத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க. இது படிப்பு. ஒம்பதரைக்கு நல்ல நேரம் பொறக்குது. அப்பவே உள்ள போயி உக்காந்துக்க சாமி. அவங்க வர்றப்ப வரட்டும்" என்றாள். நேரத்தை அவர்கள் குறித்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு, "அவங்க காலண்டர்ல ராகு காலம் போட்டிருக்காதுங்க, பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்" என்று பதில் வந்தது. ஆக, ஒன்பதே முக்காலுக்கு ஏரிக்கரை. அபிநயாவுக்குப் பட்டுப்பாவாடை, நெற்றியில் திருநீறு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம். பழம் யாருக்கு என்று கேட்டேன். "வெறுந்தட்டா வெக்கறது?" என்றாள். மடிக்கணினித் திரையில் வெயில் விழாமல் அத்தாயி குடை பிடித்தாள்.

உள்ளே போனால், அந்தப் பக்கம் ஒரு பேராசிரியை தலையைத் துவட்டிய துண்டோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நேர்காணலுக்காக இணைப்பைச் சரிபார்க்க வந்தவர் போலிருக்கிறது. திடுக்கிட்டு, "ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டியே?" என்றார். அபிநயா பொய் சொல்லாத பெண். "ராகு காலங்க மேடம்" என்றாள். அந்த அம்மாள் சிரித்துப் புரையேறி, பின்னால் தெரிவது ஏரியா என்று கேட்டார். பிறகு குடை யார் பிடிக்கிறார்கள் என்று கேட்டார். அத்தாயி முகத்தைக் காட்டினாள். கேட்காமலே கயிற்றுக் கதையையும் சொன்னாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி, உங்க பட்டியில கயிறு முடிவே இல்லாம இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆடு கட்டியிருக்கு. புதுசா ஒரு ஆடு வந்தா எங்க கட்டுவே?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அபிநயா ஏரியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "ஒவ்வொரு ஆட்டையும் அவுத்து அடுத்த கயித்துல கட்டிட்டா, மொதக் கயிறு காலியாயிருமுங்க" என்றாள்.

"ஏஞ்சாமி, அத்தனை ஆட்டையும் அவுத்து மாத்திக் கட்டறதுக்குள்ள பொழுது போயிராதா?" என்றாள் அத்தாயி.

"பொழுதும் முடியாம இருந்தாக் கட்டீரலாம் ஆத்தா."

அதன் பிறகு முக்கால் மணி நேரம் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. டீ ஆறிப்போனது மட்டும் திரையில் தெரிந்தது. ஒரு சமயம் இரண்டு பேருமே ஒரே இடத்தைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் கடைசியில் அந்த அம்மாள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. "போதும்மா. பத்தே முக்காலுக்கு நீ வர வேண்டியதில்லை."

அவ்வளவுதான். நேர்காணலுக்கே வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். ராகு காலத்துக்குப் பயந்து முன்னால் போய் விழுந்தோம், அனுப்பிவிட்டார்கள். ஆடு, பழம், குடை. எந்தக் கல்லூரிதான் எடுக்கும்? ஆனால் அடியாழத்தில் காரணம் அந்த வெள்ளைக் கட்டம்தான் மாப்பிள்ளை. அது வெள்ளையாக இருந்ததற்குக் காரணம் உங்கள் ஒலிம்பியாட் வகுப்பின் பதினாறு சனிக்கிழமைகள். அவற்றை நீங்கள் கொடுத்திருக்கலாம். எட்டு நாளாக ஒரு தகவலும் இல்லை. அபிநயா வழக்கம்போல ஏரிக்கரையில் இருக்கிறாள். நான்தான் அந்த வராந்தாவிலிருந்து இறங்கி வந்துவிட்டேன். வியாழக்கிழமை காலை டிரங்குப் பெட்டியோடு வருகிறோம். சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஜன்னல் கொஞ்சம் கீழே இருக்கிற அறையாகப் பார்த்துக் கொடுங்கள். நான் உங்களிடம் கேட்கிற கடைசி உதவி இது. இனி உங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் வர மாட்டேன். நீங்களும் இங்கே வர வேண்டாம்.

உஷாராணிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். குலதெய்வம் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மேல் அன்பு குறையாத,
ஆ. கதிர்வேல், எம்.ஏ.

பின்குறிப்பு: சாயங்காலம் தபால்பெட்டிக்குப் போகிற வழியில் அபிநயா ஏரிக்கரையிலிருந்து ஓடி வந்து போனைக் காட்டினாள். எடுத்துக்கொண்டார்களாம். அவளைப் போலப் பள்ளியில் உயர்நிலைப் பாடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே வகுப்பு தொடங்குகிறார்களாம். ஜூலை மூன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும். எனவே சீட் வேண்டாம். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் நன்றாக வந்திருக்கிறது, மனமில்லை. தாய்மாமன் முன்னால் நடக்காமல் பெண்ணைக் கல்லூரி வாசல்படி ஏற்ற மாட்டேன் என்று உங்கள் அக்காள் பிடிவாதமாக நிற்கிறாள். இரண்டாம் தேதியே பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உஷாராணியை மோர் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவள் உங்கள் பள்ளியில் ஒரு நாள்கூடப் படித்தவள் அல்ல. அவள் படத்தைப் போட்டு நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஃபிளக்ஸ் வைக்கிற வேலையெல்லாம் கூடாது. எப்படியும் வைப்பீர்கள், எனக்குத் தெரியும். அதனால் லட்சணமாக எடுத்த படமாக ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன்.